குளியலறை மூலையில் ஒரு மயிரிழை வெடிப்பு



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் காய்ச்சல், சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் என்றுதான் எழுதுவோம். இம்முறை குளியலறை டைல் ஓரத்தில் சிலிக்கோன் அடிப்பது எப்படி என்று எழுதப் போகிறோம். "இது கொத்தனார் சமாச்சாரம் ஆச்சே, சுகாதாரப் பக்கத்துல இதுக்கென்ன வேலை?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

சுங்கை ஆயர் தாவார் என்றால் உப்பில்லாத ஆற்றுத் தண்ணீர் என்று பொருள். பெயர் அப்படி இருந்தாலும் சபாக் பெர்ணம் தொடங்கி சுங்கை பெசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங் வரை நம் காலடியில் இருப்பது கடல் கொண்டு வந்து போட்ட களிமண். மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும். பண்டு கட்டி, கான் வெட்டித் தண்ணீரை வடித்துத்தான் இந்த மண்ணில் தென்னையும் செம்பனையும் வைத்தார்கள். தண்ணீர் வடிய வடியக் களிமண் மெல்ல அமுங்கும். அதன் மேல் நிற்கிற வீடு மட்டும் அமுங்காமல் இருக்குமா? வீடு ஒரு பக்கம், பின்னால் பிற்பாடு சேர்த்துக் கட்டிய குளியலறை ஒரு பக்கம் என்று இருந்தால், இரண்டும் ஒரே அளவாக இறங்காது. சுவரும் தரையும் சேரும் மூலையில், டைல் இடுக்கில் பூசிய வெள்ளைச் சிமிந்தி முதலில் பிளக்கும். மயிரிழை அளவுக்குத்தான் பிளக்கும். கண்ணுக்கே தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

நம்ம வீடுகளில் குளியல் என்றால் வாளியில் மொண்டு தலையோடு ஊற்றிக்கொள்வதுதான். வேலை முடிந்து வந்தால் ஒருமுறை, காலையில் ஒருமுறை. ஆறு பேர் உள்ள குடும்பம் என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குளியல். அதற்கு மேல் துணி துவைப்பது, மீன் கழுவுவது வேறு. ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டித் தண்ணீர் அந்த மயிரிழைக்குள் இறங்கினால் போதும், டைலுக்குப் பின்னால் சுவர் காயவே காயாது. லயத்து வீடு என்றால் நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. இந்த வீட்டுக் குளியலறை ஈரம் அந்த வீட்டுப் படுக்கை அறைச் சுவரில் கறுப்புப் புள்ளியாக வெளியே வரும். யார் வீட்டுத் தண்ணீர் என்று தெரியாமல் அண்டை வீட்டாருடன் சண்டையும் வரும்.

அந்தக் கறுப்புப் புள்ளிதான் பூஞ்சைக்காளான். மலாயில் கூலாட் என்கிறோமே, அதேதான். வெறும் அழுக்கு அல்ல. அது உயிருள்ள பொருள். அதன் விதைத்தூள் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகும். உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டுக்குள் இருக்கும் ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றித் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டது. ஈரம் பிடித்த வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருகின்றன என்பது அதன் சாரம். பிள்ளைக்கு இழுப்பு வந்தால் ராத்திரி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் போர்த்திக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுகிறோம். மருந்து வாங்கி வந்து அதே ஈரச் சுவர் ஓரமாகவே பிள்ளையைப் படுக்க வைக்கிறோம்.

பூஞ்சை ஒன்றோடு நிற்பதில்லை. பின்னால் ஊறிய டைல் பிடிப்பு விட்டு ஆடும், பிறகு உடையும். உடைந்த டைல் விளிம்பு கத்தி மாதிரி. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கிப் போயிருக்கும். வெட்டுப்பட்டதே தெரியாமல் இரண்டு நாள் ஈரத்தில் நடப்பார்கள். அந்தப் புண் எங்கே கொண்டு போய் விடும் என்று நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரியும். இடுக்குகளில் கரப்பான் குடியேறும். சுவரின் மறுபக்கம் கரண்டு சுவிட்சு இருந்தால் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிமார்களையும் மறக்கக் கூடாது.

சரி, பிளந்த இடத்தில் மறுபடி சிமிந்தியைப் பூசினால் என்ன? பூசலாம். அடுத்த வெயில் காலத்தில் அதே இடத்தில் மறுபடி பிளக்கும். சிமிந்தி கெட்டியானது, வளையாது. நகர்கிற இரண்டு பொருளுக்கு நடுவில் இழுத்தால் இழுபடுகிற, விட்டால் சுருங்குகிற பொருள்தான் நிற்கும். அந்தக் குணம் ரப்பருக்கு உண்டென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிலிக்கோனும் ஒருவகை ரப்பர்தான். நம்ம ரப்பர் மரத்துப் பாலிலிருந்து வருவது. இதற்கு மூலப்பொருள் மணல். மணலில் உள்ள சிலிக்கான் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, இரசாயன முறையில் பசையாக்கிக் குழாயில் அடைக்கிறார்கள். 1969-ல் சந்திரனில் நடந்த விண்வெளி வீரர்களின் காலணிக்கு அடிப்பாகம்கூட சிலிக்கோன் ரப்பர்தான். வெயில், ஈரம், சோப்பு எதற்கும் அது எளிதில் மசியாது.

ரப்பர் பால் உறைய சுக்கா ஊற்றுகிறோம். சிலிக்கோன் பசைக்கு எதையும் ஊற்ற வேண்டியதில்லை. காற்றில் உள்ள ஈரப்பசையே அதை உறைய வைத்துவிடும். மேல்தோல் பத்து இருபது நிமிடத்தில் கட்டிவிடும். உள்ளே இறுகுவதற்கு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் என்ற கணக்கு. ஆகவே தடியாக அடித்தால் உறைய அத்தனை நாள் கூடுதலாகும். காற்றில் ஈரம் வேண்டும், ஆனால் ஒட்டுகிற இடத்தில் ஈரம் இருக்கவே கூடாது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பல வீடுகளில் காசு வீணாகிறது. காலையில் குளித்த கையோடு மூலையில் அடித்துவிட்டு, மாலையில் மறுபடி வாளித் தண்ணீரை ஊற்றினால் அது எப்படி ஒட்டும்? ஒரு வாரத்தில் நாடா மாதிரி கையோடு உரிந்து வரும். "சாமான் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

கடைக்குப் போகும்போது இரண்டு ஜாதி உண்டென்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, குழாயைத் திறந்ததும் சுக்கா வாடை மூக்கில் ஏறும். பால் உறைய வைக்கிற சுக்காவும் இதுவும் ஒரே இனத்து ஆசிட்டுகள், வாடை அதனால்தான். விலை குறைவு. கண்ணாடிக்கும் டைலின் பளபளப்பான முகத்துக்கும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெறும் சிமிந்திச் சுவரிலும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயிலும் பட்டால் அந்த ஆசிட்டு அவற்றை அரிக்கும், பிடிப்பும் விட்டுவிடும். இன்னொன்று நியூட்ரல் என்று குழாயிலேயே எழுதியிருக்கும். சுக்கா வாடை இராது. பாதி டைல், பாதி சிமிந்தி என்று இருக்கும் நம்ம குளியலறைகளுக்கு நியூட்ரல்தான் ஏற்றது. அதிலும் சானிட்டரி என்றோ, பூஞ்சை பிடிக்காதது என்றோ போட்டிருப்பதை வாங்குங்கள். சில வெள்ளி கூடுதலாகத்தான் இருக்கும். அக்ரிலிக் என்ற வெள்ளைப் பசையும் அதே மாதிரிக் குழாயில் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். அது அறைச் சுவர் வெடிப்புக்குப் பெயிண்டு அடிக்கும் முன் பூசுவது. தினமும் தண்ணீர் விழும் இடத்துக்கு ஆகாது. குழாயின் அடியில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள். நாள் கடந்தது உறையாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

ஒரு குழாயில் சுமார் 300 மில்லி இருக்கும். ஐந்து மில்லிமீட்டர் அகலம், ஐந்து மில்லிமீட்டர் ஆழமான இடுக்கை நிரப்பினால் பன்னிரண்டு மீட்டர் வரும். ஒரு வீட்டுக் குளியலறைக்கு அதுவே அதிகம். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும். அழுத்துகிற துப்பாக்கி லயத்துக்கு ஒன்று போதும்.

குழாயைத் திறக்கும் முன் ஒன்று. எல்லா ஈரத்துக்கும் சிலிக்கோன் மருந்தல்ல. டைலை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. டொக்கு டொக்கென்று வெறும் பானைச் சத்தம் வந்தால் டைல் பிடிப்பு விட்டிருக்கிறது. பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். இரண்டு நாள் யாருமே குளிக்காமல் இருந்தும் சுவர் ஈரமாகவே இருந்தால், சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் ஓட்டை என்று சந்தேகிக்கலாம். வீட்டில் எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் சுற்றிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த நிலையில் மேலே சிலிக்கோன் அடிப்பது சீழ் வைத்த புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டுவதற்குச் சமம். தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பரவும்.

அப்படிப்பட்ட பெரிய பழுது தோட்டத்து வீட்டில் என்றால் அது உங்கள் கைக்காசில் செய்ய வேண்டிய வேலையல்ல. 446-வது சட்டம் என்று சொல்கிறோமே, 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அது 2019-ல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நிர்வாகம் கொடுத்த வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை என்பது அதில் இருக்கிறது. ஆபீசில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சுவரைப் படம் எடுத்து வையுங்கள். பிள்ளைக்கு இழுப்பு என்றால் கிளினிக் அட்டையையும் காட்டுங்கள். கிராணியிடம் கோபமாகப் பேசிப் பயனில்லை, அவரும் சம்பளக்காரர்தான். பதில் இல்லையென்றால் சங்கக் கிளைத் தலைவரிடம் அந்த நகலைக் கொடுங்கள். அதற்கு மேல் ஆள்பல இலாகா இருக்கிறது. மயிரிழை வெடிப்பை நாமே அடைத்துக்கொள்ளலாம். உடைந்த குழாயையும் இறங்கிய தரையையும் நாம் அடைத்துக் காட்டினால், "வீடு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்ல இடம் கொடுத்தவர்களாவோம்.

இனி வேலைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமை மாலை நல்ல நேரம். எல்லோரும் குளித்து முடித்த பிறகு ஆரம்பித்தால் மறுநாள் மாலை வரை குளியலறையைச் சும்மா விடலாம். அன்று ஒருநாள் அக்கம்பக்கத்தில் சொல்லி அவர்கள் வீட்டில் குளித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழையதை எடுக்க வேண்டும். பழைய சிலிக்கோன் மேல் புது சிலிக்கோன் ஒட்டவே ஒட்டாது. கறுத்துப்போன பழசுக்கு மேலேயே ஒரு கோடு இழுத்துவிட்டு, "புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்பவர்களின் கைவேலை மூன்று மாதம் தாங்காது. பிளேடால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு அறுத்து, நுனியைப் பிடித்து இழுத்தால் நீளமாக வரும். மிச்சத்தைச் சுரண்டுங்கள். வெடித்த வெள்ளைச் சிமிந்தியையும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள். பூஞ்சை இருந்தால் குளோரோக்ஸ் தண்ணீர் தடவிப் பத்து நிமிடம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்த நேரத்தில் கழிப்பறை கழுவும் ஆசிட்டோ சுக்காவோ பக்கத்தில்கூட வரக் கூடாது. குளோரோக்ஸும் ஆசிட்டும் கலந்தால் வரும் புகை விஷப்புகை, நுரையீரலைச் சுட்டுவிடும். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் ஒன்றாக ஊற்றித் தேய்க்கும் தாய்மார்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

கழுவிய பிறகு துணியால் துடைத்து, காற்றாடியை வாசலில் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் காய விடுங்கள். நம்ம பக்கத்து மழைக்காலத்தில் இராத்திரி முழுக்கக் காய விட்டு விடியற்காலையில் அடிப்பதே மேல். கடைசியாகச் சுத்தத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட்டு நனைத்து ஓரத்தைத் துடைத்தால் சோப்பு எண்ணெய்ப் பசை போகும். குளோரோக்ஸ் சுத்தமாகக் கழுவிப் போன பிறகுதான் ஸ்பிரிட்டு. பக்கத்தில் சிகரெட்டு, அடுப்பு வேண்டாம்.

இப்போது அழகு வருகிற இடம். இடுக்குக்கு இரண்டு பக்கமும் காகித ஒட்டு டேப்பை நேராக ஒட்டுங்கள். நடுவில் ஐந்து ஆறு மில்லிமீட்டர் மட்டும் தெரிய வேண்டும். குழாய் மூக்கைச் சாய்வாக, இடுக்கைவிடச் சிறிய வாயாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் வேண்டாத அளவு கொட்டும், கை எவ்வளவு பழகியிருந்தாலும் அதை அடக்க முடியாது. துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே அழுத்தத்தில், நடுவில் நிற்காமல் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை போங்கள். மரம் வெட்டினவர்களுக்கு இது சுலபமாக வரும். பட்டையில் கத்தி போகிற மாதிரி, ஆழமும் கூடாமல் மேலோட்டமாகவும் போகாமல் ஒரே சீராகப் போக வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த உறை போட்ட விரலால், அல்லது ஐஸ்கிரீம் குச்சியின் வட்ட முனையால், ஒரே இழுப்பாக வழித்து விடுங்கள். இரண்டாம் தடவை வழிக்கத் தோன்றும், வழிக்காதீர்கள். தோல் கட்டும் முன் டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

இந்த அழகெல்லாம் எதற்கு, ஓட்டை அடைந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மேடும் பள்ளமுமாக இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், சோப்பு அழுக்கு சேரும், பூஞ்சை அங்கேதான் மறுபடி ஆரம்பிக்கும். ஓரம் மெல்லிசாகப் பிசிறு விட்டிருந்தால் தேய்க்கும்போது அது தூக்கிக்கொள்ளும், அதன் அடியில் தண்ணீர் போகும். வழவழவென்று சரிந்த கோடு என்றால் தண்ணீர் தானாக வழிந்து ஓடும். நிறம் உங்கள் இஷ்டம். வெள்ளை வாங்குவது நல்லது என்பது எங்கள் எண்ணம். கறுப்புப் புள்ளி ஒன்று வந்தாலும் உடனே கண்ணில் படும்.

சுவர் மூலை, தரை ஓரம், கைகழுவும் சிங்கி சுவரோடு சேரும் இடம், தண்ணீர்த் தொட்டியின் வெளி விளிம்பு, இவைதான் முக்கியம். உட்காரும் கழிப்பறைப் பீங்கான் தரையோடு சேரும் இடத்தில் சுற்றிலும் அடித்துவிட்டுப் பின்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டுவிடுங்கள். நாளைக்கு அடியில் கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து நமக்குச் சொல்லும். முழுக்க அடைத்தால் அசுத்தத் தண்ணீர் அடியிலேயே நிற்கும், நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். குடிதண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டிக்கும் பேரலுக்கும் உள்பக்கம் சானிட்டரி சிலிக்கோன் அடிக்கவே கூடாது. பூஞ்சையைக் கொல்ல அதில் மருந்து கலந்திருக்கிறது.

குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும் ஓட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் குறைவில்லை. அதற்காகத்தானே பல தோட்டங்களில் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். எலியின் சிறுநீர் பட்ட தண்ணீர் கால் வெடிப்பு வழியாக உடம்பில் ஏறினால் எலிக்காய்ச்சல். ஈரமான குளியலறைத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு இது நினைவிருக்க வேண்டும். வெறும் சிலிக்கோனை எலி ஒரே இராத்திரியில் கடித்துத் துப்பிவிடும். ஓட்டைக்குள் கம்பி வலையைச் சுருட்டி அடைத்து, சிமிந்தி பூசி, அது காய்ந்த பிறகு குழாயைச் சுற்றி மேலே மட்டும் சிலிக்கோன் அடியுங்கள்.

வேலை நடக்கும்போது சன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். இழுப்பு உள்ள பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அன்று அந்தப் பக்கம் வர வேண்டாம். நியூட்ரல் வகையில் வாடை இல்லை என்பதால் ஆவி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் காயும்போது ஆவி விடும். கையில் உறை போடுங்கள். பசை கையில் ஒட்டினால் தண்ணீர் விடாமல் முதலில் காய்ந்த துணியால் துடையுங்கள், பிறகு சோப்பு. பெட்ரோலும் டர்பன்டைனும் தோலுக்கு வேண்டாம். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே கிளினிக் போக வேண்டும். அடித்து முடித்து 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

குழாயில் மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். மூக்கு ஓட்டைக்குள் நீளமான ஆணி ஒன்றைச் செருகி, மேலே டேப்பு சுற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டு வருவார். ஆணியை இழுத்தால் அதன் நுனியில் உறைந்த துண்டும் சேர்ந்து வரும், பின்னால் புதுப் பசை நிற்கும். வரவில்லையென்றால் மூக்கைக் கொஞ்சம் கீழே வெட்டிப் பாருங்கள்.